வெறும் சருவம்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில்தான் இருக்கும். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் என் செருப்புச் சத்தத்தை வைத்தே அன்றைய நிலவரத்தைத் தெரிந்துகொள்வார்கள். நோன்பு மாதத்திலாவது வாயை அடக்க வேண்டும் என்று ஒவ்வொரு வருடமும் நினைப்பேன், மூன்றாம் நோன்பு தாண்டாது. ஆனால் 2013ஆம் வருட நோன்பில் ஒரு வீட்டாரிடம் மட்டும் நான் உண்மையாகவே வாயைக் கட்டிக்கொண்டு இருந்தேன். பக்தியால் இல்லை. வாயைத் திறந்தால் அது மகளின் வாழ்க்கையில் போய் விழுந்துவிடுமோ என்ற பயத்தால். அந்தப் பயத்தை உண்டாக்கியது ஒரு எவர்சில்வர் சருவம்.

சருவம் என்றால் எங்கள் பக்கத்தில் வாய் அகன்ற பெரிய பாத்திரம். மூடி போட்டது. அந்த மே மாதம் மகளுக்குக் கல்யாணம் முடித்தபோது, சீர்ப் பாத்திரங்களோடு சேர்த்து வாங்கி, விளிம்பில் அவள் பெயரைப் பொறித்து வைத்திருந்தேன். கல்யாண அமளியில் வண்டியில் ஏற்ற மறந்து, அரிசிப் பானைக்குப் பின்னால் தங்கிவிட்டது. மகள் போன பிறகு அதைப் பார்க்கும்போதெல்லாம் விளிம்பில் அவள் பெயரைத் தடவிக்கொண்டு நிற்பேன். நோன்புக்குப் பலகாரம் அனுப்பும்போது அதிலேயே வைத்து அனுப்பிவிடலாம், பாத்திரமும் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேரும் என்று நினைத்தேன். அந்த நினைப்பில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

எங்கள் வீடு தேங்காய்ப்பட்டணத்தில், கால்வாய்க் கரையில் இருக்கிறது. முன்பு வள்ளம் போன கால்வாயாம், நான் பார்த்த காலம் முதல் ஆகாயத்தாமரைதான் போகிறது. மகளைக் கட்டிக்கொடுத்த வீடும் அதே கால்வாய்க் கரையில், இரண்டு கிலோமீட்டர் மேலே. கணவர் சவூதியில், தம்மாமில். வீட்டில் நானும், எனக்கு ஆறு வயது மூத்த லாத்தாவும் மட்டும். லாத்தா என்றால் அக்கா. தன் கணவர் மவுத்தான பிறகு என்னோடு வந்துவிட்டவள். ஊர் வழக்கம் ஒன்று விடாமல் அவள் மனப்பாடத்தில் இருக்கும்.

அந்த வழக்கங்களில் ஒன்று, கல்யாணம் முடிந்து வரும் முதல் நோன்புக்குப் பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டுக்குப் பலகாரம் அனுப்புவது. வெள்ளிக்கிழமைதோறும் அனுப்பினால் மரியாதை. யாரும் வாய் திறந்து கேட்கமாட்டார்கள். கேட்டிருந்தாலாவது எவ்வளவு என்று தெரிந்திருக்கும். கேட்காததால்தான் இந்த அளவு போதுமா போதாதா என்று மண்டையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இன்னொரு வழக்கம், உணவு வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது. ஒரு பிடி சீனியாவது, இரண்டு பழமாவது வைத்துத்தான் கொடுக்க வேண்டும். வெறும் பாத்திரத்தைக் கொடுத்தால், உன் உறவு எனக்கு வேண்டாம் என்று சொன்ன மாதிரி. சின்ன வயதில் அடுத்த வீட்டுக் கிண்ணத்தை அப்படியே கொண்டுபோய்க் கொடுத்ததற்காக உம்மாவிடம் நான் வாங்கிய அடி இன்னும் நினைவிருக்கிறது.

முதல் வெள்ளிக்கிழமை சருவம் நிறைய கட்லெட்டும், நேந்திரம்பழத்தில் பிடித்த உன்னக்காயும், நெய்ப்பத்திரியும் வைத்து ஆட்டோவில் அனுப்பினேன். சருவத்தில் கொள்ளாததை அலுமினியத் தாள் போட்ட தட்டுகளிலும் கவர்களிலும் கட்டினேன். அனுப்பிவிட்டு, நோன்பு திறந்து நிம்மதியாகக் கஞ்சி குடித்தேன். திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்தால், சருவம் மேசைமேல் இருக்கிறது. நிறைய. அடுக்கடுக்காக இறைச்சி வைத்த சட்டிப்பத்திரி, கோழி பொரித்தது, ஒரு பெட்டி பேரீச்சம்பழம், கூட நாலு கவர்.

"இது அவளுக்க பாத்திரம்லா, ஏன் திருப்பி அனுப்புனாவ?" என்று கேட்டேன்.

"பலகாரம் கொண்டுபோன பாத்திரம் திரும்பி வராம இருக்குமா?" என்றாள் லாத்தா. "பேரை யாரு பாத்தா? மூடிய தொறந்துட்டு உள்ளதான பாப்பாவ."

அப்போதே மகளின் மாமியாரைக் கூப்பிட்டு, மைனி, அது உங்கள் வீட்டுப் பாத்திரம்தான், வைத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தீர்ந்திருக்கும். எப்படிச் சொல்வது? நிறைத்து அனுப்பிய பாத்திரத்தைப் பற்றி அப்படிச் சொன்னால், உங்கள் பலகாரம் எதற்கு என்று கேட்பது போல ஆகிவிடும். பெண்ணைக் கொடுத்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அந்த வீட்டில் ஒரு சொல் எப்படிப் புரிந்துகொள்ளப்படும் என்று எனக்கு இன்னும் தெரியாது. பேசாமல் இருந்தேன்.

இரண்டாம் வெள்ளிக்கு, அவர்கள் அனுப்பியதைவிடக் குறைவாக அனுப்ப முடியுமா? இறைச்சி அடை செய்தேன். மாவை வட்டமாகப் பரத்தி, உள்ளே இறைச்சி வைத்து, அரைவட்டமாக மடித்து, ஓரத்தைக் கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டே போய், கடைசியில் ஒரு சின்ன முடிச்சுப் போடுவேன். அந்த முடிச்சு என் கைப்பழக்கம், ஊரில் வேறு யாரும் போடுவதில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்து, தண்ணீர்கூடக் குடிக்காத வயிற்றோடு, எண்ணெய்ச் சட்டி முன்னால் இரண்டு மணி நேரம் நின்று வெந்தேன். ஞாயிற்றுக்கிழமை சருவம் மறுபடியும் நிறைந்து வந்தது. சட்டிப்பத்திரியும் மற்றதும் முன்னைவிட அதிகமாக.

இதையெல்லாம் எழுதும்போது 2004 நோன்பு நினைவுக்கு வருகிறது. கடல் ஏறி வந்த வருடம், அதற்கு ஒரு மாதம் முந்திய நோன்பு. மகளுக்குப் பன்னிரண்டு வயது. பள்ளிவாசலில் இருந்து ஒரு தூக்குப்போணியில் கஞ்சி வரும். பேரீச்சம்பழம், தண்ணீர், பருப்பு வடை. மாதம் முழுக்கச் சேரும் குப்பை என்று பார்த்தால் பேரீச்சங்கொட்டைதான். அதையும் மகள் முற்றத்தில் நட்டு, முளைக்குமா என்று தினமும் தோண்டிப் பார்ப்பாள். அதற்கப்புறம் மெல்ல மெல்ல எப்படியோ மாறிவிட்டது. கணவர் ஒருமுறை வந்தபோது உறைபெட்டி பெரிதாக உள்ள குளிர்சாதனப் பெட்டி வாங்கினார். மார்த்தாண்டத்துக் கடைகளில் நோன்புக்கு முந்தின வாரமே ரமலான் ஆஃபர் என்று பலகை தொங்கும். தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு போய், பட்டினி கிடக்கப் போகிற மாதத்துக்கு மற்ற மாதங்களைவிட இரட்டிப்பாக வாங்கி வருவோம். கடைக்காரர் சிரித்துக்கொண்டே கட்டிக் கொடுப்பார். சிரிக்கமாட்டாரா பின்னே?

குப்பையும் அப்படித்தான். அலுமினியத் தாள், தெர்மோகோல் தட்டு, பிளாஸ்டிக் குவளை, கவர். பதினொரு மாதக் குப்பை ஒரு பக்கம், நோன்பு மாதக் குப்பை ஒரு பக்கம். 2013 ஜூன் மாதம்தான் பள்ளிக்கூடப் பிள்ளைகளை வெயிலில் வரிசையாக நடத்திக்கொண்டு போய், 'நெகிழியை ஒழிப்போம், நீர்நிலை காப்போம்' என்று கத்த வைத்திருந்தேன். அட்டையில் எழுதியது நான்தான். என் கையெழுத்து அழகாக இருக்கும் என்பதால் எனக்குத்தான் அந்த வேலை வரும்.

மூன்றாவது வாரம் புதன்கிழமை. இரவெல்லாம் மழை கொட்டி, பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்டுவிட்டார்கள். விடிந்து பார்த்தால் பின்முற்றத்தில் கணுக்கால் அளவு தண்ணீர். எங்கள் வீட்டை ஒட்டிக் கால்வாயின் குறுக்கே ஒரு சின்ன மதகுப்பாலம் உண்டு. அதன் வாயில் ஏதோ அடைத்து, தண்ணீர் போக இடமில்லாமல் எங்கள் பக்கம் ஏறியிருந்தது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஒரு மூங்கில் கம்போடு இறங்கினேன். குத்திக் குத்தி இழுத்தால் கவர், குவளை, பிரியாணிப் பொட்டலம், மறுபடியும் கவர். எவன் வீட்டு எச்சிலோ என் முற்றத்துக்கா வரவேண்டும் என்று திட்டிக்கொண்டே இழுத்தேன். நோன்பு வைத்துக்கொண்டு எத்தனை பேரைத் திட்டினேன் என்று கணக்கில்லை.

வாய் கட்டிய ஒரு வெள்ளைக் கவர் கம்பில் மாட்டி வந்தது. கிழிந்தது. உள்ளேயிருந்து அரைவட்டமாக ஒன்று நழுவித் தண்ணீரில் விழுந்தது. ஊறி உப்பிப் போயிருந்தாலும் ஓரத்து முறுக்கு அப்படியே இருந்தது. கடைசியில் முடிச்சு.

கம்பைப் போட்டுவிட்டுக் குனிந்து கையில் எடுத்தேன். இன்னொன்றையும் எடுத்தேன். எல்லாவற்றிலும் முடிச்சு. அந்த வருட நோன்பில் நான் இறைச்சி அடை செய்தது ஒரே ஒரு நாள், அனுப்பியது ஒரே ஒரு வீட்டுக்கு.

கண்ணை மறைத்துக்கொண்டு கோபம் வந்தது. அதற்கு அடியிலேயே பயமும் வந்தது. கோபம் எனக்குப் பழகியது, பயம் பழகவில்லை. என் சமையல் பிடிக்கவில்லை என்றால் போகட்டும். ஒரு வாய்கூட வைக்காமல் அப்படியே கவரில் கட்டிக் கால்வாயில் எறிகிறார்கள் என்றால், அந்த வீட்டில் என் பிள்ளையை என்னவென்று நினைக்கிறார்கள்? அவளையும் இப்படித்தான் ஒரு மூலையில் கட்டிப் போட்டிருக்கிறார்களா? நனைந்த சேலையோடு மதகுப்பாலத்தின்மேல் உட்கார்ந்துவிட்டேன்.

லாத்தா பின்வாசலில் நின்று என் கையைப் பார்த்தாள். அவளுக்கும் புரிந்துவிட்டது.

"நான் இப்பமே ஆட்டோ புடிச்சுப் போறேன்" என்றேன்.

"போயி?"

"இதைக் கொண்டு அவிய மேசையில வைக்கேன். என்னண்ணு கேக்கேன்."

"வச்சிட்டு நீ வந்திருவ. பிள்ளைல்லா அங்க இருக்கணும்" என்றாள்.

கையிலிருந்த அடையைக் கரையில் போட்டேன். உள்ளே வந்து மகளுக்குப் போன் போட்டேன். கையில் மாவு நாற்றம் போகவில்லை.

"மோளே, போன வெள்ளிக்கிழமை அடை எப்படி இருந்து?"

"நல்லா இருந்து உம்மா. மாமி எல்லா வீட்டுக்கும் கொடுத்துவிட்டாவ."

"நீ தின்னியா?"

"தின்னேன் உம்மா."

தின்றேன் என்று சொல்வதற்கு முன்னால் ஒரு மூச்சு நேரம் தாமதித்தாள். பெற்றவளுக்கு அது கேட்காதா? ஆனால் தெரிந்து மறைக்கிறாளா, தெரியாமலே இருக்கிறாளா என்பது மட்டும் பிடிபடவில்லை. மேலே கேட்கவும் தைரியம் வரவில்லை.

மத்தியானம் கணவர் கூப்பிட்டபோது எல்லாவற்றையும் கொட்டினேன். கேட்டுவிட்டு அவர் சிரித்தார். எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது.

"சிரிக்காண்டாம்" என்றேன்.

"இல்லே, இங்க எங்க ரூமுக்கு எதிர நோன்பு தொறக்கக் கூடாரம் போட்டிருக்கான். மக்ரிபு முடிஞ்சா ஒரு லாரி வரும். தொட்டுப் பாக்காத சோறும் கவருமா அள்ளிட்டுப் போவும். நம்ம கால்வாய் அந்த அளவுக்கு வளந்துட்டே, அதான் சிரிச்சேன்" என்றார். "ஒண்ணு கேக்கட்டா? அவிய அனுப்புனதை எல்லாம் நீங்க ரெண்டு பேரும் தின்னுட்டியளா?"

போனை வைத்துவிட்டேன்.

தண்ணீர் இன்னும் வடியவில்லை. சாயங்காலம் அஸர் தொழுகைக்கு முன்னால் மறுபடியும் கம்பை எடுத்துக்கொண்டு இறங்கினேன். மதகின் வாயில் கடைசியாக அடைத்துக்கொண்டு நின்றது ஒரு பச்சைக் கவர். அதை இழுக்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி வீட்டிலிருந்து வந்த சட்டிப்பத்திரியில் பாதியைப் பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்து, அந்த வீட்டார் பதிலுக்குப் பாத்திரத்தில் வைத்துத் தந்ததையும் தின்ன முடியாமல், மீதியைப் பத்திரிகைத் தாளில் சுற்றி அந்தப் பச்சைக் கவரில் கட்டி, யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்துக் கால்வாயில் போட்டது நான். என் வீட்டிலிருந்து பத்தடிகூட அது போகவில்லை. மேலேயிருந்து வந்த வெள்ளைக் கவரும் என் பச்சைக் கவரும் ஒன்றன்மேல் ஒன்று அணைத்துக்கொண்டு, தண்ணீரை மறித்து, என் முற்றத்தில் ஏற்றியிருக்கின்றன.

எனக்கு வெட்கமாக இருந்தது. நெகிழியை ஒழிப்போம் என்று எழுதிய கைதானே அந்தக் கவரைக் கட்டியது. காலையிலிருந்து நான் திட்டிய திட்டில் பாதி என்னையே சேர்ந்தது என்று நினைத்துக்கொண்டேன். கவரை இழுத்துக் கரையில் போட்டதும் தண்ணீர் குபுகுபுவென்று போக ஆரம்பித்தது. மக்ரிபுக்குள், பொழுது சாய்வதற்குள், முற்றம் தெரிந்தது.

வெட்கம் வந்ததால் பயம் போய்விடவில்லை. நான் எறிந்ததற்குக் காரணம் எனக்குத் தெரியும், வெறுப்பு இல்லை, வயிற்றில் இடமில்லை. ஆனால் அவர்கள் எறிந்ததற்கும் அதுதான் காரணமா? தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு வழிதான் தோன்றியது, தின்று தீரும் அளவுக்கு மட்டும் அனுப்பிப் பார்ப்பது.

வெள்ளிக்கிழமை சருவத்தைக் கழுவித் துடைத்து அடுப்பில் ஏற்றினேன். பச்சரிசி, சிறுபயறு, வெந்தயம், பூண்டு, சின்ன வெங்காயம், ஒரு முறித் தேங்காயின் பால். மகள் சின்னவளாக இருந்தபோது பள்ளிவாசல் கஞ்சி வராத நாளில் வீட்டில் வைத்த அதே கஞ்சி. அந்த வீட்டில் இருப்பது ஐந்து பேர், ஐந்து பேருக்கு அளந்து வைத்தேன். மூடியைத் துணியால் இறுக்கிக் கட்டினேன். கட்லெட் இல்லை, பத்திரி இல்லை, கவர் இல்லை, தாள் இல்லை.

லாத்தா என் பின்னாலேயே நடந்தாள். "ஏட்டி, பள்ளிவாசல்ல சும்மா குடுக்கற கஞ்சியா சம்பந்தி வீட்டுக்கு அனுப்புவா? ஒரு தட்டு கட்லெட்டாவது கூட வையி. நாளைக்கு அவிய பிள்ளைய ஒரு சொல்லு சொன்னா நீ தாங்குவியா?"

"தாங்கமாட்டேன்" என்றேன். "அதுக்காக இன்னும் எவ்வளவு அனுப்பணும்? நீயே சொல்லு, எவ்வளவுண்ணு."

அவள் மூடித் துணியின் முடிச்சை இன்னொரு தடவை இறுக்கினாள். ஆட்டோ கிளம்பி முக்கு திரும்பியதும், ஓடிப்போய் நிறுத்தி வாங்கிவிடலாமா என்று வாசல்வரை போய்விட்டேன். வழக்கமான ஆட்டோக்காரர். திரும்பி வந்து, "கொடுத்தாச்சு டீச்சர், ஒண்ணும் சொல்லல்லே, வாங்கி வச்சாவ" என்றார். ஒன்றும் சொல்லவில்லை என்பதை எப்படி எடுத்துக்கொள்வது?

சனிக்கிழமை சருவம் வரவில்லை. ஞாயிறும் வரவில்லை. திங்கட்கிழமை பள்ளிக்கூடத்திலிருந்து வந்து முதலில் மேசையைத்தான் பார்த்தேன். இரண்டு மூன்று நாளிலேயே திரும்பி வந்துகொண்டிருந்த பாத்திரம் அது. மகளைக் கூப்பிட்டால், "மாமி ஒண்ணும் சொல்லல்லே உம்மா, சருவத்தைக் கழுவி அவியளுக்க அலமாரியில வச்சிருக்காவ" என்றாள். எதற்கு அலமாரியில்? கஞ்சியைப் பற்றி யாராவது சிரித்தார்களா? மாப்பிள்ளை முகம் எப்படி இருந்தது? ஒன்றையும் கேட்க முடியாமல், "மழை இருக்கா மோளே?" என்று மட்டும் கேட்டேன்.

பயந்துகொண்டிருந்த அந்த நாட்களிலேயே இன்னொன்றும் நடந்தது, அதையும் சொல்ல வேண்டும். அனுப்ப ஒன்றும் இல்லை, வந்ததும் ஒன்றும் இல்லை என்பதால், அஸருக்குப் பிறகு அடுப்படியில் வேலை இல்லாமல் போனது. எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு அந்த நேரத்தில் உட்கார்ந்து குர்ஆன் ஓதினேன். எண்ணெய்ப் புகை இல்லாததால் பசி தெளிவாகத் தெரிந்தது. அதற்கு முன்னெல்லாம் பசிக்கும்போதே இன்று என்ன பொரிக்கலாம், நாளை என்ன வாங்கலாம் என்று மனசு கடைத்தெருவில் அலைந்துகொண்டிருக்கும். இப்போது பசி வெறும் பசியாக இருந்தது, தாங்கக்கூடியதாகத்தான் இருந்தது. ஒரு பேரீச்சம்பழத்துக்கும் ஒரு குவளைத் தண்ணீருக்கும் உடம்பு எவ்வளவு சந்தோஷப்படுகிறது என்று பார்த்து எனக்கே ஆச்சரியமாக இருந்தது. குப்பை வாளி நாலு நாளாக நிறையவில்லை. லாத்தாகூட, "காலு வலி கொறைஞ்சிருக்கு கேட்டியா" என்றாள். ஆனால் ஒவ்வொரு ஆட்டோச் சத்தத்துக்கும் எழுந்து போய் வாசலை எட்டிப் பார்த்தேன். மகளை வைத்துத்தானே இந்தச் சோதனையைச் செய்திருக்கிறேன் என்று நினைத்தால், ஓதிக்கொண்டிருக்கும் வரி கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும்.

ஆறாம் நாள், வியாழக்கிழமை, நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தபோது ஆட்டோ வந்து நின்றது. சம்பந்தியம்மா இறங்கினார். தனியாக. ஒரு கையில் குடை, இடுப்பில் சருவம். கல்யாணத்துக்குப் பிறகு அவர் எங்கள் வீட்டுக்கு வந்தது அதுதான் முதல் தடவை. சொல்லாமல் வந்திருக்கிறார், மகளைக் கூட்டிக்கொண்டு வரவில்லை. முடிந்தது கதை என்று நினைத்தேன்.

"வாங்க மைனி" என்றேன். குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது.

சருவத்தை மேசைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்தார். மழையைப் பற்றிப் பேசினோம். என் கணவர் எப்போது வருகிறார் என்று கேட்டார். அஸர் பாங்கு சொன்னது. மூன்று பேரும் ஒன்றாகத் தொழுதோம். தொழுகையில் என் நினைவெல்லாம் அந்தச் சருவத்தில்தான் இருந்தது, அல்லாஹ் மன்னிக்க வேண்டும். வந்தவர் முன்னால் மூடியைத் திறந்து பார்ப்பது மரியாதை இல்லை. அதனால் முஸல்லா விரிப்பை மடித்து வைத்துவிட்டு நான் சும்மா நின்றேன்.

"தொறந்து பாக்கல்லியா மைனி?" என்றார் அவர்.

திறந்தேன். உள்ளே ஒன்றும் இல்லை. கழுவித் துடைத்துப் பளபளவென்று இருந்தது. என் முகம் அதன் அடியில் தெரிந்தது. ஒரு பிடி சீனிகூட இல்லை. பின்னால் லாத்தா மூச்சை உள்ளே இழுத்த சத்தம் கேட்டது. மூடியைக் கையில் பிடித்தபடியே நின்றேன்.

"தப்பா நினைச்சிராதிங்க" என்றார் அவர் அவசரமாக. எழுந்து வந்து என் கையைப் பிடித்தார்.  "நீங்க கஞ்சி அனுப்புனதும் எனக்கு எப்படி இருந்துண்ணு சொல்லத் தெரியல்லே. இனி நானும் ஒண்ணும் செய்யாண்டாம், அப்பாடாண்ணு இருந்து. பெறவு சருவத்தைத் திருப்பிக் குடுக்கணுமே. சனிக்கிழமை பத்திரி சுட்டு வச்சேன். பெறவு எடுத்துட்டேன். திங்கக்கிழமை பழம் வச்சேன். அதையும் எடுத்துட்டேன். எதை வச்சாலும் மறுபடி தொடங்கிரும்லா. வெறும் பாத்திரமா குடுத்துவிடவும் பயம். ஆட்டோக்காரன்கிட்ட குடுத்தா நீங்க என்னெல்லாம் நினைப்பிய? அதான் நானே கொண்டு வந்தேன். இதை எடுத்துட்டு வர எனக்கு ஆறு நாளு ஆச்சு மைனி."

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அவரும் என் பக்கத்தில் உட்கார்ந்தார். தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்.

"இன்னொண்ணும் சொல்லணும். உங்க அடையில பாதிய நான் கால்வாயில போட்டேன். எல்லா வீட்டுக்கும் குடுத்தும் தீரல்லே. பிள்ளை பாத்தா அவளுக்க உம்மா கைச் சமையலை வேண்டாம்ண்ணு வச்சிட்டாவண்ணு சங்கடப்படும். அவ குளிக்கப் போன நேரத்துல கொண்டு போட்டேன். அதுக்குப் பெறவு எனக்கு ஒறக்கம் இல்லே."

வாயைத் திறந்தால் அழுகைதான் வரும் என்று நினைத்தேன், சிரிப்பு வந்தது. அடக்க முடியவில்லை. அவர் திகைத்துப் பார்த்தார். அவர் கையைப் பிடித்துப் பின்வாசலுக்குக் கூட்டிப்போய்க் மதகைக் காட்டினேன். அவர் போட்ட அடை எங்கே வந்து நின்றது, என் பச்சைக் கவரில் என்ன இருந்தது, இரண்டும் சேர்ந்து என் முற்றத்தை எப்படி மூழ்கடித்தன, எல்லாம் சொன்னேன். கேட்கக் கேட்க முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு அவரும் சிரித்தார். லாத்தா மட்டும் சிரிக்காமல், "ரெண்டு பேரும் அல்லாஹ்கிட்ட மன்னிப்புக் கேட்டுத் தௌபா செய்யுங்க" என்றாள்.

உள்ளே வந்த பிறகு நான் கேட்க வேண்டியதைக் கேட்டேன். "பிள்ளை எப்படி இருக்கா மைனி? எனக்கு அதுதான்."

"கஞ்சியை ரெண்டு தடவை வாங்கிக் குடிச்சா" என்றார். "எங்க வீட்டுக்கு வந்து இப்படி ஆசையா அவ எதையும் தின்னு நான் பாத்ததில்லே. பெறவு அடுப்படியில வந்து எனக்க பக்கத்துல இருந்து, இதை எப்படி வைக்கணும்ண்ணு சொல்லித் தந்தா. சின்னதுல பேரீச்சங்கொட்டையை நட்டுவச்சுத் தோண்டித் தோண்டிப் பாத்த கதையெல்லாம் சொன்னா. ரெண்டு மாசமா எங்கிட்ட 'ஆமா மாமி, இல்லே மாமி' மட்டும் பேசின பிள்ளை. இப்பம் தினமும் அவதான் கஞ்சி வைக்கா. வேற ஒண்ணும் வைக்கல்லே, நாங்களும் கேக்கல்லே."

நான் அழுதேன். அடக்கவும் நினைக்கவில்லை. எத்தனையோ நாளாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கிப் போனது. பிள்ளை நன்றாக இருக்கிறாள். அந்த வீட்டில் உட்கார்ந்து கதை சொல்கிறாள்.

மக்ரிபுக்கு மூன்று பேரும் பேரீச்சம்பழமும் தண்ணீரும் வைத்து நோன்பு திறந்தோம். கஞ்சி குடித்தோம். அவர் கிளம்பும்போது சருவத்தை அவர் கையில் கொடுத்தேன். அவர் மிரண்டுபோய்ப் பின்னால் நகர்ந்தார்.

"பயப்படாதிங்க, வெறும் பாத்திரம்தான்" என்றேன். "இது உங்க வீட்டுப் பாத்திரம். விளிம்பைப் பாருங்க."

கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, எழுத்துக் கூட்டி மருமகளின் பெயரைப் படித்தார். "யா அல்லாஹ். மூணு வாரமா எனக்க வீட்டுப் பாத்திரத்தையா நான் நிறைச்சு நிறைச்சு அனுப்புனேன்? நீங்க ஏன் சொல்லல்லே?"

"நீங்க ஏன் பாக்கல்லே?" என்றேன். கோபம் இல்லாமல்தான் சொன்னேன், ஆனால் பழக்கதோஷம், கோபம் போலத்தான் கேட்டிருக்கும். அவர் சிரித்துக்கொண்டே சருவத்தை இடுப்பில் வைத்து ஆட்டோவில் ஏறினார்.

மறுநாள் கடைசி வெள்ளிக்கிழமை. அஸருக்குப் பிறகு வாசலில் ஆட்டோ வந்து நின்றது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தட்டு இல்லை, கவர் இல்லை, சருவம் இல்லை. என் மகள் கையை வீசிக்கொண்டு இறங்கி வந்தாள்.